விண்ணிலிருந்து வருவதை மண்ணுக்கடியில் தேடிய மேதை: டாக்டர் ஹோமி பாபா



ஈப்போ வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மண்ணைத் தோண்டுவது புதிய செய்தியல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த காலத்தை நம் தாத்தா பாட்டிகள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். ஈயச் சுரங்கத்தை அவர்கள் லம்பம் என்பார்கள். 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்த பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று குட்டைகள்தாம் மிச்சம். தஞ்சோங் துவாலாங்கில் ஒரு பழைய மண்வாரிக் கப்பல் மட்டும் பார்வைக்கு நிற்கிறது.

மண்ணைத் தோண்டினால் ஈயம் வரும், தங்கம் வரும், நிலக்கரி வரும். சரி. ஆனால் விண்ணிலிருந்து வரும் ஒன்றைப் பார்ப்பதற்காக மண்ணுக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கினார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி சட்டென்று எழுந்து, வானத்துல இருந்து வர்றதைப் பார்க்கணும்னா மலை மேலதானே ஏறணும் சார் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது ஒரு பெரியவரின் வாழ்க்கை. அவர்தான் இந்திய அறிவியல் மேதை டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இளமையும் கல்வியும்

ஹோமி பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாய் நகரில் பார்சி குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர். அத்தையின் கணவர், புகழ்பெற்ற தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா. வீடு நிறையப் புத்தகங்கள், இசைத்தட்டுகள், ஓவியங்கள். வறுமை என்பதை அவர் அறிந்ததில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் வசதி இருந்தும் அவருடைய வழி தானாகத் திறந்துவிடவில்லை.

பதினெட்டு வயதை எட்டும் முன்பே, 1927ல், அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். எதற்காக? இயந்திரப் பொறியியல் படித்து முடித்து, ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா இரும்பு ஆலையில் வந்து அமர வேண்டும் என்பதற்காக. வேலை தயார், நாற்காலி தயார். பையன் படித்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் கேம்பிரிட்ஜில் அப்போது வீசிய காற்றே வேறு. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்ற தேடல் அங்கே தீயாய் எரிந்துகொண்டிருந்தது. பாபாவின் உள்ளம் அதிலே ஒட்டிக்கொண்டது. 1928ல் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தன் இயல்புக்குப் பொறியியல் ஒத்து வராது, இயற்பியல்தான் தன் பாதை என்று பணிவாகவும் உறுதியாகவும் தெரிவித்தார்.

தந்தை என்ன செய்தார் தெரியுமா? கோபித்து மறுக்கவில்லை, உடனே தலையாட்டவும் இல்லை. முதலில் எடுத்த படிப்பை முதல் வகுப்பில் முடி, அதன் பிறகு கணிதமும் இயற்பியலும் படிக்கப் பணம் அனுப்புகிறேன் என்று ஒப்பந்தம் போட்டார். மகன் என்ன செய்தார்? பிடிக்காத பாடம்தானே என்று அலட்சியமாக இருந்துவிடவில்லை. 1930ல் பொறியியலில் முதல் வகுப்பு. 1932ல் கணிதத்திலும் முதல் வகுப்பு. 1935ல் டாக்டர் பட்டம். மாணவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்க. பிடித்ததைக் கேட்கும் உரிமையை, பிடிக்காததை ஒழுங்காகச் செய்து முடித்து அவர் சம்பாதித்துக்கொண்டார்.

கணக்கில் வராத துகள்

பாபா பொறியியல் தேர்வை முடித்த அதே 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்த வொல்ஃப்காங் பௌலி என்ற அறிஞர் ஒரு விநோதமான யோசனையை வெளியிட்டார். அதைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்துக்கே போவோம்.

பால்மரத் தோட்டத்தில் காலையில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். மரத்தடியில் எடுத்தது நூறு ராத்தல், ஸ்டோரில் நிறுத்தால் எழுபது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் எண்பது, அதற்கடுத்த நாள் ஐம்பது. வாளியில் ஓட்டை இல்லை, தராசும் சரி. அப்படியானால் கிராணி என்ன நினைப்பார்? வழியில் யாரோ கண்ணில் படாமல் எடுத்துப் போகிறார் என்றுதானே?

சில அணுக்கருக்கள் தாமாகவே சிதைந்து ஓர் எலெக்ட்ரானை வெளியே வீசும். அப்போது வெளிப்படும் ஆற்றலை அளந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ குறைந்தது. ஆற்றல் அழியாது என்ற விதியே பொய்யோ என்று கூடச் சிலர் ஐயப்பட்டார்கள். பௌலி அப்படி நினைக்கவில்லை. மின்சுமை இல்லாத, எடையும் ஏறக்குறைய இல்லாத ஒரு சின்னஞ்சிறு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். பிறகு இத்தாலிய அறிஞர் என்ரிகோ ஃபெர்மி அதை வைத்து முழுக் கொள்கையை வகுத்தார். இத்தாலிய மொழியில் குட்டி நடுநிலைத் துகள் என்று பொருள்படும் நியூட்ரினோ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இளைஞர் பாபா உதவித்தொகை பெற்று 1932க்குப் பிறகு சூரிச் சென்று பௌலியிடமும், ரோம் சென்று ஃபெர்மியிடமும் பயின்றார். நியூட்ரினோவைச் சொன்னவரையும், அதற்குக் கொள்கை வகுத்தவரையும் அருகிருந்து கண்டவர் அவர்.

இந்தத் துகளின் குணம் என்ன? எதனோடும் ஒட்டாது, உரசாது. சூரியனின் நடுவில் பிறக்கும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு விநாடியும் உங்கள் பெருவிரல் நகம் அளவு இடத்தின் வழியே சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் பாய்ந்து போகின்றன. இரவிலும் அப்படியே. பூமியின் அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிடும். நமக்கு ஒரு அரிப்புக்கூட எடுக்காது! பொறியில் சிக்காத இப்படிப்பட்ட ஒன்றைத் தாம் கற்பனை செய்துவிட்டோமே என்று பௌலியே கவலைப்பட்டார். 1956ல்தான் அமெரிக்க அறிஞர்கள் ஃபிரெட் ரைன்ஸ், கிளைடு கோவன் இருவரும் ஓர் அணு உலையின் பக்கத்தில் கருவி வைத்து, நியூட்ரினோ உண்மையில் இருப்பதைக் காட்டினார்கள்.

அண்டக் கதிர் மழை

கேம்பிரிட்ஜில் பாபா எடுத்துக்கொண்ட துறை அண்டக் கதிர்கள். விண்வெளியிலிருந்து பெரும்பாலும் புரோட்டான்கள் மிகுந்த வேகத்தோடு வந்து நம் காற்று மண்டலத்தில் மோதுகின்றன. ஒன்று மோதிப் பல உண்டாகி, அவை மேலும் பலவாகி, மழைபோல் கீழே இறங்குகின்றன. ஒரு துகள் இத்தனையாகப் பெருகுவது எப்படி என்பதை 1937ல் ஹைட்லர் என்ற அறிஞரோடு சேர்ந்து பாபா விளக்கினார். அதற்கு முன் 1935ல் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டிருந்தார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது.

இந்த மழையில் மியூவான் என்ற துகள் முக்கியமானது. எலெக்ட்ரானைப் போன்றது, ஆனால் 200 மடங்குக்கு மேல் கனமானது. கையை நீட்டினால் ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று உள்ளங்கை வழியாகப் போகும். இதே மழையில்தான் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மியூவானைக் கருவி எளிதில் பிடித்துவிடும், நியூட்ரினோவைப் பிடிக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் வந்தவர் தங்கிவிட்டார்

1939ல் விடுமுறைக்காக இந்தியா வந்தார் பாபா. இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமன் தலைமையில் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்தார். போர்க்காலத்திலேயே விமானத்தில் கருவிகளை ஏற்றி, உயரத்தில் அண்டக் கதிர்களை அளந்தார். 1941ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

போர் முடிந்ததும் வெளிநாட்டில் பெரிய பதவிகள் கிடைத்திருக்கும். அவரோ சொந்த நாட்டிலேயே உயர்ந்த ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்று 1944ல் டாட்டா அறக்கட்டளைக்கு எழுதினார். 1945ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பெங்களூரில் தொடங்கி, அந்த ஆண்டே பம்பாய்க்கு மாறியது. 1948ல் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956ல் டிராம்பேயில் ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா இயங்கத் தொடங்கியது. இவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஓவியம் தீட்டுவார், இசையில் தோய்வார், கட்டடம் கட்ட மரம் இடைஞ்சலாக இருந்தால் வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோலார் தங்கவயல்

பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கிழக்கே கோலார் தங்கவயல். 1880 முதல் ஆங்கிலேய நிறுவனம் அங்கே தங்கம் தோண்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். அதே வட ஆற்காட்டிலிருந்துதான் பலர் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்களில் ஒருவர் ரயிலேறிக் கோலாருக்கும், இன்னொருவர் கப்பலேறி பேராக் தோட்டத்துக்கும் போன காலம் அது. இங்கே லயம், பெரட்டு, பால்வாளி. அங்கே கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறக்கம், சுடும் பாறை, எந்த நேரத்தில் வெடித்துச் சிதறுமோ என்ற அச்சம்.

1951ல் பாபாவின் யோசனைப்படி, ஸ்ரீகண்டன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் தாமே செய்த துகள் எண்ணும் கருவியோடு கோலார் சுரங்கத்தில் இறங்கினார். ஆழம் போகப் போக மியூவான்கள் எப்படிக் குறைகின்றன என்று அளப்பதே வேலை. பார்த்தால் சின்ன வேலை. இதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றும். ஆனால் விதை அங்கேதான் விழுந்தது.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். தரைமேல் அண்டக் கதிர் மழை ஓயாமல் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் எப்படிக் கேட்கும்? காலையில் பெரட்டுக் களத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குழந்தை முணுமுணுத்தால் நமக்குக் கேட்குமா? ஆகவே இரைச்சலை அடைக்க வேண்டும். பாறைதான் வடிகட்டி. மியூவான்கள் பாறையைத் துளைத்துத் துளைத்துக் களைத்து நின்றுவிடும். நியூட்ரினோவுக்குப் பாறையும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். அது வந்து சேர்ந்துவிடும்.

ஆண்டுகள் உருண்டன. இன்னும் ஆழத்தில் அளந்துகொண்டே போனார்கள். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூட வரவில்லை! மற்றவர்கள் பார்வையில் இது தோல்வி. ஆராய்ச்சியாளர்களுக்கோ பெரிய வெற்றி. இதைவிட அமைதியான இடம் கிடைக்காது. இனி இங்கே ஏதாவது கேட்டால் அது நியூட்ரினோவின் குரலாகத்தான் இருக்கும்.

1965: பிடிபட்டது

டாட்டா கழகத்தின் எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ரமணமூர்த்தி முதலியோரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கைகோத்தனர். கருவிகள் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் அமைக்கப்பட்டன. நம் பேராக்கின் உயர்ந்த சிகரமான கொர்பு மலை 2,183 மீட்டர். அதைத் தலைகீழாகப் புதைத்தாலும் அந்தக் கருவி இருந்த இடத்தை எட்டாது!

கருவி எப்படி வேலை செய்தது? எதிரெதிரே இரண்டு சுவர்கள். இரண்டும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. மின்னூட்டமுள்ள துகள் அதற்குள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளி தோன்றும். அந்த ஒளியை மின்குழாய்கள் பெருக்கிக் காட்டும். இரண்டு சுவரும் ஒன்றாகச் சாட்சி சொன்னால், இடையில் அடுக்கிவைத்த நியான் குழாய்கள் துகள் போன வழியில் பளிச்சென்று மின்னும். கேமரா படம் எடுத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம். நியூட்ரினோவையே யாரும் பார்ப்பதில்லை. கோடானுகோடி நியூட்ரினோக்களில் எப்போதாவது ஒன்று பக்கத்துப் பாறையின் அணுக்கரு ஒன்றில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும். அந்த மியூவான்தான் கருவியில் விழும். அது மேலிருந்து வந்த மியூவான் இல்லை என்று எப்படித் தெரியும்? பக்கவாட்டில் வருவதைப் பார்த்துத்தான். மேலே இருப்பது இரண்டு கிலோமீட்டர்ப் பாறை. பக்கவாட்டிலோ அதைவிடப் பல மடங்கு. அந்தத் திசையிலிருந்து சாதாரண மியூவான் வரவே முடியாது. புல்லில் காலடித் தடத்தைப் பார்த்துக் காட்டுப்பன்றி போனதைச் சொல்கிறார்களே நம்ம ஆட்கள், அது போலத்தான்.

1965 ஏப்ரலில் முதல் தடம் பதிந்தது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம்! தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் அதே ரைன்ஸ் தலைமையிலான குழுவும் போட்டியில் இருந்தது. அவர்களுக்கு அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே முதல் தடம் கிடைத்திருந்தது. ஆனால் ஆகஸ்ட் மாதம் அச்சேறியதில் கோலார்க் கட்டுரை இரண்டு வாரம் முந்திக்கொண்டது. இரு குழுவும் பெருமைக்குரியவையே.

மரமும் கனியும்

1951ல் போட்ட விதை முளைத்துக் கனி தர பதினான்கு ஆண்டுகள் ஆயின. பாபா அந்தக் கனியைக் கண்டார். ஆனால் அதன் பிறகு விளைந்த தோப்பைக் காணவில்லை. 1966 ஜனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்துக்குச் செல்லும் வழியில், அவர் பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் மறைந்த பிறகு என்னென்ன நடந்தது? அமெரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களை எண்ணி, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்று கண்டார். ஜப்பானில் பழைய சுரங்கமலைக்குள் 50,000 டன் தண்ணீர் நிரப்பிய தொட்டி கட்டினார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள், அதாவது கோலாரில் முதலில் தடம் பதித்த அதே வகை, வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுகின்றன என்று 1998ல் அங்கே கண்டுபிடித்தார்கள். மாற வேண்டுமானால் எடை இருந்தாக வேண்டும். கனடாவின் நிக்கல் சுரங்கமும் சூரிய நியூட்ரினோக்கள் மாறுவதை உறுதிப்படுத்தியது. அதற்காக 2015ல் கஜிட்டா, மெக்டொனால்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரைன்ஸுக்கு 1995லேயே கிடைத்திருந்தது. தென்துருவத்துப் பனிக்கட்டிக்குள்ளும் இன்று கருவிகள் புதைந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்து மலையில் அமைப்பதாக இருந்த ஆய்வகம், மக்களின் எதிர்ப்பையும் வழக்குகளையும் சந்தித்து, கட்டப்படாமலே நிற்கிறது.

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. நம் லம்பங்களைப் போலவே அங்கும் இப்போது மண்மேடுகள்தாம். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் நாம் லயத்தை விட்டு வந்ததுபோல், அங்குள்ளவர்கள் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள்.

நமக்கு உள்ள பாடம்

மாணவ மணிகளே! 1965ல் வெளியான அந்தக் கட்டுரையில் மூன்று நாட்டு அறிஞர்களின் பெயர்கள் உள்ளன. ஆனால் அந்தக் குகையை வெட்டியவர்கள், இருட்டில் கூண்டை இறக்கியவர்கள், வெப்பத்தில் வியர்வை சொட்டப் பாறையைக் குடைந்தவர்கள், அவர்களுடைய பெயர் எதுவும் அதில் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் கருவி வைக்க இடமேது? நம் முன்னோரும் அப்படித்தான். அவர்கள் நட்ட பால்மரத்திலும் வாரிய ஈயத்திலும் ஊர்கள் எழுந்தன. பெயர்ப் பலகையில் அவர்கள் இல்லை.

இன்று இந்த மேடையில் சிலர் பரிசு வாங்குகிறீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள். பரிசு வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு மாதம் கருவி வைத்து ஒன்றும் கிடைக்காமல் காத்திருந்தார்களே, அந்த வெறும் தாள்தான் வெற்றிக்கு வழி காட்டியது. அறிவியல் பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றும் எண்ணிவிடாதீர்கள். பாபாவுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் பிடித்த துறையைத் துணிந்து கேட்பதும், கையில் உள்ள பாடத்தை முதலில் செம்மையாக முடிப்பதும், பலன் தெரியாத வேலையையும் பொறுமையோடு தொடர்வதும் காசு கொடுத்து வாங்குகிற பொருளல்ல.

தாத்தா நட்ட டுரியான் மரத்தின் பழத்தைப் பேரப்பிள்ளைதான் உரித்துத் தின்கிறான். நீங்களும் ஏதாவது ஒன்றை நட்டுவிட்டுப் போங்கள்!

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் தமிழ்!